எரேமியாவின் கடிதமும் அம்மாவின் முருங்கைக் கொப்பும்

இந்த வருடப் பிறப்பு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிக் கொடுக்கிற அட்டை) இருந்தது எரேமியா 29:11. கிறிஸ்தவ வீடுகளில் இந்த வசனம் தெரியாத ஆள் குறைவு. கலண்டரில் இருக்கும், கல்யாண அழைப்பிதழில் இருக்கும், விடிய எழும்பிப் போனைத் திறந்தால் ரோசாப்பூப் படத்தோடு வட்ஸ்அப்பில் வந்து நிற்கும். ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ நானும் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்று இரவு அம்மாவுக்கு அட்டையைக் காட்டினேன். அம்மாவுக்குக் கண் இப்போது நல்லாய் மங்கிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் வேதப்புத்தகம் வாசிப்பேன். அட்டையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னா: “நல்ல வசனம்தான். ஆனா அது ஒரு கடிதமெல்லோ பிள்ளை. மேலயிருந்து வாசி.”

மேலிருந்து வாசித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த அதிகாரத்தின் முதல் பத்து வசனங்களையும் அன்றைக்குத்தான் நிதானமாக வாசித்தேன்.

அது இடம்பெயர்ந்தவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன சனத்துக்கு, பின்னால் ஊரில் நின்ற எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவர் வருகிறார். இரண்டு வருடத்தில் எல்லாரும் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள் என்று கர்த்தருடைய பெயரால் சொல்கிறார். சனம் அதைத்தான் கேட்க விரும்பியிருக்கும். நாங்களும் போரில் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குள் இருந்துகொண்டு அப்படித்தானே ரேடியோவுக்குக் காதைக் கொடுத்தோம்? எரேமியா எழுதியது வேறு. எழுபது வருடம் ஆகும் என்றார். அதுவரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்பது ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது: ‘வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.’

அந்த இடத்தில் எனக்கு வாசிக்க முடியாமல் போனது.

2008 கடைசியில் கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வளவை விட்டு வெளிக்கிட்டபோது, உழவு இயந்திரப் பெட்டியில் அரிசி மூட்டைக்கும் பாய்க்கும் நடுவில் அம்மா ஒரு முருங்கைக் கொப்பைச் செருகி வைத்தா. தர்மபுரத்தில் கொட்டில் போட்ட அன்றே அதை நட்டா. தளிர் விட முதல் வெளிக்கிட வேண்டி வந்தது. விசுவமடுவில் வேறு யாரோ ஒருவரின் வேலியில் முறித்த கொப்பு. உடையார்கட்டில் இன்னொன்று. நான் கோபப்பட்டேன். “நாளைக்கு எங்க நிப்பமெண்டே தெரியாது, உதை ஏன் நட்டுக்கொண்டு நிக்கிறியள்?” என்று கேட்டேன். அம்மா சாணத்தைக் குழைத்துக் கொப்பின் மேல் நுனியில் அப்பிக்கொண்டு சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. “ஆரும் பிறகு வாறவை சாப்பிடட்டும்.” மாத்தளனுக்குப் பிறகு நடுவதற்குக் கொப்பும் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் கடற்கரை மணல். பிறகு இருந்த மெனிக் பாம் முகாமில் தறப்பாள் ஓரம், முகம் கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், ஒரு பூசணிக் கொடி படர்ந்தது.

அந்தக் கடிதத்தை அம்மா எத்தனை வருடமாய் வாசித்திருக்கிறா என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நான் அதிலிருந்து ஒரு வசனத்தைக் கிள்ளி எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அம்மா அந்தக் கடிதத்துக்குள்ளே குடியிருந்திருக்கிறா.

வாக்குத்தத்த அட்டை பிழை என்று நான் சொல்லவில்லை. அழுதுகொண்டிருக்கிற ஆளுக்கு ஒரு வரி போதும். ஆனால் வருடக்கணக்காய் அந்த ஒரு வரியோடு மட்டும் நிற்கிறவருக்குத் தேவனோடு உறவு வளராது என்று துணிந்து சொல்வேன். ஒருவர் எழுதிய கடிதத்தில் எங்களுக்குப் பிடித்த வரியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு அவரைத் தெரியும் என்று சொல்ல முடியுமா? ஒரு அதிகாரத்தை முழுதாய், வாய்விட்டு, அவசரமில்லாமல் வாசியுங்கள். அது யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். பழைய தமிழ் விளங்கவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நாங்கள் பாவிக்கிற மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது, கஷ்டம்தான். பக்கத்தில் ஒரு புதிய மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொள்ளட்டும்.

இனி ஜெபத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு நாள் தயங்கினேன்.

என் தம்பி 2009இல் காணாமல் போனான். அதற்கு மேல் அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். மீளக் குடியேறிய பிறகு ஒரு கூட்டத்தில் ஜெபத்துக்கென்று முன்னால் போன அம்மாவிடம் ஒரு ஊழியக்காரர் சொன்னார்: “அம்மா, உங்களுக்கு விசுவாசம் குறைவு. முழுமனசோட விசுவாசிச்சிருந்தா மகன் இப்ப வீட்டில நிண்டிருப்பான்.” மைக்கில் சொல்லவில்லை, காதுக்குள்தான் சொன்னார். பின்னால் நின்ற எனக்கும் கேட்டது. அம்மா பேசாமல் திரும்பி வந்து வாங்கிலில் இருந்தா. அதற்குப் பிறகு பல மாதம் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை.

ஜெபத்தை மட்டும் விடவில்லை. விடிய நாலரைக்குக் குசினிக்குள் அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்கும், அதோடு அம்மாவின் குரலும் கேட்கும். ஒரு நாள் கதவடியில் நின்று கேட்டேன். அலங்காரமான ஜெபம் ஒன்றுமில்லை. “இண்டைக்கும் நீர் ஒண்டும் சொல்லேல்லை. நான் இன்னும் எவ்வளவு காலம் கேக்கிறது? அவன் சாப்பிட்டானோ எண்டாவது சொல்லும்.” பிறகு ஊதுகுழலை எடுத்து நெருப்பை ஊதுவா. பிறகு திரும்பவும் தொடங்குவா. எனக்குப் பயமாய் இருந்தது. தேவனோடு இப்படிச் சண்டை பிடிக்கலாமா? அந்த ஊழியக்காரர் சொன்னது உண்மைதானோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதற்காக அம்மாவிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

வேதத்திலுள்ள சங்கீதப் புத்தகத்தை முதலாம் சங்கீதத்திலிருந்து ஒழுங்காய் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் என் பயம் போனது. 23ஐயும் 91ஐயும் மட்டும் மனப்பாடமாய் வைத்திருந்த எனக்கு, 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடுதான் என்பது தெரியாது. பதின்மூன்றாம் சங்கீதம் தொடங்குவதே ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ என்றுதான். எண்பத்தெட்டாவது சங்கீதம் அதையும் தாண்டிப் போகிறது. மற்ற முறைப்பாட்டுச் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வார்த்தைக்குத் திரும்பும். அது திரும்புவதில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்று சொல்லி இருட்டிலேயே முடிகிறது. அதைப் பாடியவரை விசுவாசம் குறைந்தவர் என்று யாரும் புத்தகத்திலிருந்து வெட்டி எறியவில்லை. இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்கிறார். கேட்கிறவர் இருக்கிறார் என்று நம்பாத ஆள் இரவும் பகலும் கூப்பிடுவாரா?

அன்னாளையும் நினைக்கிறேன். 1 சாமுவேல் முதலாம் அதிகாரம். சீலோவிலே பிள்ளைக்காக அழுதுகொண்டு நிற்கிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறார். ஆலயத்திலேயே காலம் கழித்த மனுசன், ஒரு தாய் தன் இருதயத்தை ஊற்றுவதைக் கண்டு வெறி என்று நினைத்துவிட்டார். ஆனால் ஏலி நல்லவர். அவள் விளக்கம் சொன்னதும் தன் வார்த்தையைத் திருப்பி எடுத்து, சமாதானத்தோடே போ என்று ஆசீர்வதித்து அனுப்பினார். எங்கள் ஊழியக்காரர்கள் அந்த அதிகாரத்தைத் தங்களுக்காக ஒரு தரம் வாசிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வன்னியில் உங்கள் முன்னால் முழங்காலில் நிற்கிற தாய்மாரில் எத்தனை பேர் அன்னாள் என்று உங்களுக்குத் தெரியாது. கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டம் தொடங்கிய பிறகு, அம்மாவும் தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பல நாள் அங்கே போய் இருந்தா. திருநீறு பூசிய தாய்மாரும் செபமாலை வைத்திருந்த தாய்மாரும் பக்கத்தில் இருந்தார்கள். உதடு அசைந்தது எல்லாருக்கும்தான்.

தேவனோடு உறவு ஆழமாக வேண்டும் என்று கேட்டு உள்பெட்டியில் எழுதுகிற தங்கச்சிமாருக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கோபம் என்றால் கோபத்தை, பயம் என்றால் பயத்தை. சந்தோசம் என்றால் அதையும், ஏனென்றால் கேட்கும்போது மட்டும் அவரிடம் போகிற பழக்கம் எனக்கும் இருந்தது. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்று மத்தேயு 6இல் இயேசு சொன்னது, அங்கே வேறு யாரையும் கவர வேண்டிய தேவை இல்லை என்பதற்காகத்தான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். வார்த்தை வராத நாளில் பேசாமல் இருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சு என்று ரோமர் 8இல் பவுல் எழுதியிருக்கிறார். ஆவியானவர் அப்படியும் எங்களுக்காக வேண்டுதல் செய்கிறார்.

எனக்கு இதெல்லாம் ஒரேயடியாய் வரவில்லை. காலையில் வேலைக்கு பஸ் பிடிக்க முதல் கால் மணித்தியாலம், இரவில் அம்மாவோடு ஒரு அதிகாரம். போனைச் சாமி அறையில், இல்லை, வேறு அறையில் வைத்துவிட்டு வாசிப்பேன் (பக்கத்து வீட்டு அக்காவோடு கதைத்துக் கதைத்து எங்கள் வீட்டு ஜெப அறைக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது). சில நாள் மனம் ஓடும். ஓடினாலும் திரும்பவும் அந்த இடத்தில் வந்து இருப்பேன்.

போன கிழமை பதின்மூன்றாம் சங்கீதம் வந்தது. மொத்தம் ஆறு வசனம். முதல் நாலும் முறைப்பாடு, கடைசி இரண்டும் ‘நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்’ என்று திரும்புகிற இடம். நாலாம் வசனம் முடிந்ததும் அம்மா என் கையைப் பிடித்தா.

“அதோட நிப்பாட்டு பிள்ளை. மிச்சம் இண்டைக்கு எனக்கு வராது.”

அடையாளத்துக்கு அந்த இடத்தில் வாக்குத்தத்த அட்டையை வைத்துப் புத்தகத்தை மூடினேன். இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மா தானாகவே வந்து பக்கத்தில் இருந்தா.

“அண்டைக்கு விட்ட ரெண்டையும் இப்ப வாசி.”