தனியாக விளையாடினாலே ஆட்டிசமா?

மேலே ஒரு அண்ணன், "இரண்டரை வயதுப் பிள்ளை அங்கன்வாடியில் யாரோடும் சேராமல் விளையாடினால் அது ஆட்டிசம்தான், போன் பார்த்து வந்தது" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. படிக்கிற தாய்மார் பதறிப்போவார்கள்.

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மழலையர் பள்ளிப் பிள்ளைகளை ஒவ்வொரு நிமிடமாகப் பலமுறை கவனித்து 1932இல் எழுதினார். இரண்டு, மூன்று வயதில் பக்கத்தில் இருந்துகொண்டே அவரவர் ஆட்டத்தை ஆடுவது சகஜம். கூடி ஆடுவது அப்புறம்தான் அதிகமாகும்.

ஏற்காட்டில், காபித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் வரும் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். போன வாரம் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் மண் அள்ளினார்கள். பேச்சே இல்லை. ஒருத்தி சட்டென்று கவிழ்த்து மேலே தட்டினாள். அவள் பக்கமே பார்க்காமல் இருந்தவன், உடனே தன்னுடையதையும் கவிழ்த்துத் தட்டினான். இதையா தனிமை என்பது?

கவனிக்க வேண்டியது வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, பேசிய சொற்கள் நின்றுபோயின, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவும் ஆட்டிசம் என்ற முடிவல்ல. காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

போனைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் போனால் ஆட்டிசம் வருகிறது என்று நிரூபணமாகவில்லை. அந்தப் பழியைத் தாயின் தலையில் போடாதீர்கள் அண்ணா.