'நட்சத்திர இரவு' இருக்கிறது நியூயோர்க்கில

"நெதர்லாந்து போற ஆக்கள் அம்ஸ்ரடாம் வான்கோ மியூசியத்தில 'நட்சத்திர இரவு' ஓவியத்தை நேரில பார்க்கலாம், ரிக்கெற் வாசலிலயே எடுக்கலாம்" எண்டு உங்கட பதிவில எழுதியிருக்கிறீங்கள். ரெண்டும் பிழை தம்பி. ஒல்லாந்து ஓவியர் வான்கோ வரைஞ்ச அந்த ஓவியம் 1941இல இருந்து நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில இருக்கு. வான்கோ மியூசியத்துக்கு ரிக்கெற் நேரம் குறிச்சு முன்னமே இணையத்தில எடுக்கவேணும். கிளிநொச்சியில இருந்து பிள்ளையளைப் பார்க்கப் போற அம்மா அப்பாமார் வாசலில நிண்டு ஏமாந்து திரும்பக்கூடாது.

அதுக்காகப் போகாமல் விடாதேங்கோ. வான்கோவின்ர 200க்கு மேற்பட்ட ஓவியங்கள் அந்த அம்ஸ்ரடாம் மியூசியத்தில இருக்கு. 'உருளைக்கிழங்கு உண்போர்' (1885) முன்னால நான் கனநேரம் நிண்டனான். ஒரேயொரு விளக்கு, சுத்திவர ஐஞ்சு பேர், மண் கிளறின கையால ஒரே தட்டில எடுத்துச் சாப்பிடுகினம். கரண்ட் இல்லாத வருசங்களில ஜாம்போத்தில் விளக்கைச் சுத்தியிருந்து சாப்பிட்ட வன்னிச் சனத்துக்கு அந்த வெளிச்சத்தை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

'காகங்களோட கோதுமை வயல்'தான் வான்கோ வரைஞ்ச கடைசி ஓவியம் எண்டு நீங்கள் எழுதினதும் சரியில்லை. 'மர வேர்கள்'தான் கடைசி எண்டு மியூசியமே சொல்லுது. ரெண்டும் அங்கதான் இருக்கு.