சிவப்பு வெளிச்சம் கோழிக்குத் தெரியும்

கோழிக்குச் சிவப்பு நிறம் தெரியாது, அதனால் கூண்டில் சிவப்பு பல்பை விடிய விடிய எரியவிட்டாலும் அதற்கு இருட்டுதான் என்று தொண்டி ஊர் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும்விட்டார்கள். அண்ணே, அது சரியில்லை. நிறம் பார்க்கும் செல்கள் நம் கண்ணில் மூன்று வகை, கோழிக்கு நான்கு. சிவப்புக்கும் அதில் ஒன்று உண்டு. போதாததற்கு, சிவப்பு ஒளி மண்டையோட்டைத் தாண்டி மூளைக்கே போய் முட்டையிடும் சுரப்புகளைத் தூண்டும். ராத்திரி முழுக்க எரிந்தால் பாவம், அதற்குத் தூக்கம் கெடும்.

சிவப்பு வெளிச்சத்தில் ஒன்றையொன்று கொத்துவது குறையும் என்பது உண்மைதான். எல்லாமே சிவப்பாக இருக்கும்போது ரத்தக் காயம் தனித்துத் தெரியாது, அதுதான் காரணம்.

நீங்களே பார்த்துவிடலாம். இருட்டியதும் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சிவப்பு பல்புக்குக் கீழே ஒரு பிடி கம்பைத் தூவுங்கள். மணி மணியாகக் குறிபார்த்துக் கொத்தும். மறுநாள் பல்பே போடாமல் தூவுங்கள், அடைந்த இடத்தை விட்டு அசையாது.

முட்டைக்கோழிக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் போதும். நம் கரையில் பகலே ஏறக்குறைய 12 மணி நேரம் இருக்கிறது. மிச்சத்துக்கு மட்டும் பல்பைப் போட்டு, அப்புறம் அணைத்துவிடுங்கள்.