படிக்காத இதழில் எழுதுகிறோம்

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். மூன்று நாளில் வெளியீடு, மின்சான்றிதழ் இலவசம், இம்பேக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) 7-க்கு மேல், கட்டணம் 2,500 ரூபாய், இணை ஆசிரியர் இருந்தால் தலைக்கு 500 கூடுதல். கீழே ஒரு வரி: "மேம், இதுக்கு அனுப்பலாமா? கைடு சீக்கிரம் ஒரு பேப்பர் போடச் சொல்றார்."

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "இந்த ஜர்னல்ல வந்த கட்டுரை ஏதாவது ஒண்ணு படிச்சிருக்கியா?"

நீல டிக் வந்தது. பதில் வரவில்லை.

அவளைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. 2017-ல் நானும் இதையேதான் செய்தேன். அப்போது சுயநிதிக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்திக்கொண்டு பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் குடிமராமத்து, அதாவது ஏரி, வாய்க்கால்களை ஊராரே கூடிப் பராமரித்த முறை, என் தலைப்பு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் அன்றைய விதி. அந்த ஜனவரியில்தான் யுஜிசி, அங்கீகரிக்கப்பட்ட இதழ்கள் என்று முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டிருந்தது. பக்கத்துத் துறைப் பேராசிரியர் ஒருவர் அதிலிருந்து ஓர் இதழைக் காட்டி, "ஈசியா போட்டுடுவாங்க" என்றார். செவ்வாய்க்கிழமை அனுப்பினேன். வியாழக்கிழமை ஏற்றுக்கொண்டார்கள். மதிப்பாய்வாளர் கருத்து என்று வந்தது மூன்றே ஆங்கிலச் சொற்கள், அதிலும் ஒன்றில் எழுத்துப்பிழை. 1,800 ரூபாய் கட்டினேன். பூ வேலைப்பாடு போட்ட சான்றிதழ் வந்தது. லேமினேட் செய்து வைத்தேன், அதையும் ஏன் மறைக்க வேண்டும்.

2018 மே மாதம் யுஜிசி அந்தப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. அதில் என்னுடையதும் ஒன்று. நீக்கத்துக்கு முன்பே வந்துவிட்ட கட்டுரை என்பதால் பட்டத்துக்குப் பாதகமில்லை. ஆனால் இன்று அந்தக் கட்டுரையைத் தேடினால் கிடைக்காது. அந்த முகவரியில் இப்போது ரம்மி விளம்பரம் ஓடுகிறது. குடிமராமத்துக்கு வந்த கதியைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு வந்த கதி இது.

அதே 2018-ல் பூஷண் பட்வர்தனும் அவருடைய சக ஆய்வாளர்களும் கரண்ட் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்ததால் பட்டியலில் இடம்பிடித்த இதழ்களில் ஆயிரத்துக்குச் சற்று மேல் எடுத்துச் சோதித்தபோது, 88 சதவீதத்துக்கு மேல் தரம் குறைந்தவையாக இருக்கலாம் என்று தெரிந்தது. எனக்கு உறைத்தது அந்தச் சதவீதம் அல்ல, 'பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த' என்ற சொல். யாரோ வெளியாள் வந்து நம்மை ஏமாற்றவில்லை. நம்மைப் போன்ற வாத்தியார்கள் சொல்லித்தான் அந்தப் பெயர்கள் உள்ளே போயிருக்கின்றன. சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த இதழைத் திறந்து பார்த்திருப்பார்கள்?

பிறகு 2019-ல், யுஜிசி ஏற்கும் இதழ்களின் புதிய பட்டியலாக, கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டுவிட்டு, சில அளவுகோல்களைக் கொடுத்து, நிறுவனங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும் என்று யுஜிசி சொல்லிவிட்டது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் அன்று இழவு வீடு போல இருந்தது. "இனிமே எந்த லிஸ்ட்டைப் பார்க்கிறது?" என்பதே பேச்சு. பட்டியல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பு, பட்டியலைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழகாத நம் கைக்கே வந்திருக்கிறது என்பதில் பயம் உண்டு. 2022 விதிமுறைகளில் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனையையே யுஜிசி எடுத்துவிட்டது. இருந்தும் கைடுகள் விடவில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் வழக்கமும் போகவில்லை. எண்ணுகிற இடத்தில் யார் படிப்பார்கள்?

சரி, நான் எப்படித் திருந்தினேன் என்று சொல்கிறேன். மழைதான் காரணம்.

ஒரு சனிக்கிழமை கைடைப் பார்க்கப் போனேன், அவர் வரவில்லை. வெளியே கொட்டுகிறது. ஒதுங்குவதற்காகப் பல்கலைக்கழக நூலகத்தின் பருவ இதழ்ப் பிரிவுக்குள் நுழைந்தேன். நாலு வருடமாக நூலகக் கட்டணம் கட்டியவள், அந்தப் பிரிவில் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. மின்விசிறி ஒன்று, நூலகர் ஒருவர், பைண்டு செய்த பழைய தொகுதிகள் வரிசை வரிசையாக. வேறு ஆள் கிடையாது.

இந்த இடத்தில் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றி ஒரு வார்த்தை. மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். யாரும் எட்டிப் பார்க்காத அந்த நூலகத்தில் உட்காரப் பிடிக்காமல், ஒரே வாரத்தில் கல்லூரிக்குத் திரும்பி, பழைய வேலையையே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாராம். லண்டனுக்குப் போய் நூலகவியல் படித்து வந்த பிறகுதான் மனம் மாறியது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது பின்னாளில் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. அன்று நான் பார்த்த நூலகரும், வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்த மனிதரைப் போலத்தான் தெரிந்தார். "என்னம்மா வேணும்?" என்று அவர் கேட்ட வேகத்திலேயே, அந்தக் கேள்வியைக் கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது என்று புரிந்தது.

"எந்த ஜர்னல்ல போட்டா சீக்கிரம் வரும் சார்?" என்றேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "உங்க தலைப்புல நீங்க படிச்ச நல்ல கட்டுரை ரெண்டு சொல்லுங்க" என்றார். சொன்னேன். இரண்டின் அடிக்குறிப்புகளையும் எடுத்துவைத்து, மேற்கோள் காட்டப்பட்ட இதழ்களின் பெயர்களைப் பென்சிலால் கோடிடச் சொன்னார். அரை மணி நேரத்தில் மூன்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. 1963 முதல் வருகிற இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ அதில் முதலில் நின்றது. "இவங்கதாம்மா உங்க ஊர்க்காரங்க. உங்க விஷயத்தைப் பேசறவங்க எங்க கூடுறாங்களோ, அங்க போய் உட்கார்ந்து கேளுங்க. பேசறது அப்புறம்."

ஆய்வு முறையியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தும் எனக்குக் கிடைக்காதது இது. அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகலாம் என்பது ஓரளவு தெரியும். முன்னோக்கியும் போகலாம் என்று அன்றுதான் தெரிந்தது. கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே, அதை யாரெல்லாம் பிறகு மேற்கோள் காட்டினார்கள் என்று ஓர் இணைப்பு இருக்கும். 1985-ல் வந்த கட்டுரையைத் தட்டினால், நேற்று வரை அதோடு சண்டை போட்டவர்கள் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். அங்கேயே 'எல்லாப் பதிப்புகளும்' என்று இன்னொரு இணைப்பு உண்டு. பதிப்பகம் காசு கேட்கிற கட்டுரையை ஆசிரியரே தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாகப் போட்டிருப்பார், அது அங்கே சிக்கும். அன்பேவால் என்ற சின்ன நீட்டிப்பை உலாவியில் போட்டுக்கொண்டால் அதுவே தேடிக் காட்டிவிடும். அதிலும் கிடைக்காவிட்டால் கட்டுரை ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல். நான் எழுதிய ஏழு பேரில் ஐந்து பேர் அனுப்பினார்கள். ஒருவர் தான் பயன்படுத்தாத குறிப்புகளையும் சேர்த்து அனுப்பினார்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, ஆய்விதழ்களின் மின்தொகுப்பான ஜேஸ்டோருக்கு எங்கள் பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருந்தது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் இன்ஃபெட் என்ற உள்நுழைவு வசதி வழியாக வீட்டிலிருந்தே உள்ளே நுழைய முடியும். நாலு வருடமாக அந்த வசதி இருந்திருக்கிறது. நானோ ஊரே பயன்படுத்திய திருட்டு வழியில், கட்டணக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தில், முகவரி மாற மாறத் தேடிக்கொண்டிருந்தேன். 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை முடக்கச் சொன்னபோது என் தோழிகள் பலர் துக்கம் விசாரித்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் நூலகக் கடவுச்சொல் எது என்று இன்றுவரை தெரியாது.

இப்போது, ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டம் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும். பெரும்பாலான கல்லூரிகள் தனியார் கையில் இருக்கிற தமிழ்நாட்டில், என்னைப் போல் சுயநிதிக் கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் வேலிக்கு வெளியே. ஆண்டுச் சந்தா கட்டினால், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் சேரலாம். அதைக் கட்டச் சொன்னால் நிர்வாகம் யோசிக்கும். அதே நிர்வாகம் ஆண்டு விழா மேடைக்கு யோசிப்பதில்லை. இன்னொரு பக்கம், திட்டத்துக்குள் இருக்கும் அரசுக் கல்லூரி நண்பரிடம் கேட்டேன், "யூஸ் பண்றியா?" என்று. "எங்களுக்கு இருக்கா?" என்றார்.

கட்டுரையை வெளியிடும் விஷயத்துக்கு வருகிறேன். காசு கேட்டாலே மோசடி என்று சொல்லிவிட முடியாது. திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி, வெளியிட நேச்சர் இதழே 2021-ல் 9,500 யூரோ வைத்தது. அது பகற்கொள்ளையா என்பது தனி விவாதம். போலி இதழ் அல்ல என்பது மட்டும் நிச்சயம். மறுபுறம், வாசகரிடமும் நூலகத்திடமும் சந்தா வாங்கும் இதழ்கள் பெரும்பாலும் எழுதுபவரிடம் ஒரு பைசா கேட்பதில்லை. கட்டணமே வாங்காத திறந்த இதழ்களும் நிறைய உண்டு, டோவாஜ் என்ற அடைவில் தேடலாம். இதழ்களுக்கான பதிவு எண், ஐஎஸ்எஸ்என், இருக்கிறதே என்பார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பதால் ஓட்டுபவருக்கு ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடுமா? நல்ல இதழின் பெயரை அப்படியே திருடிப் போலி இணையதளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அதனால் மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தட்டாமல், நூலகத்தின் தரவுத்தளம் வழியாகவே இதழின் பக்கத்துக்குப் போவது என் வழக்கம். என்னைக் கேட்டால் போலிக்கு முதல் அடையாளம் அவசரம். ஒரு நல்ல மதிப்பாய்வாளருக்கு உங்கள் கட்டுரையை ஒருமுறை ஒழுங்காகப் படிக்கவே மூன்று நாள் போதாது.

அந்தக் குடிமராமத்துக் கட்டுரையைத் திருத்தி, நூலகர் காட்டிய 'ஊர்க்காரர்' ஒருவருக்கு அனுப்பினேன். ஐந்து மாதம் சத்தமே இல்லை. அப்புறம் நிராகரித்தார்கள். கூடவே இரண்டு பக்கக் குறிப்பு. "1858-ன் கட்டாய உழைப்புச் சட்டத்தை வைத்து வாதிடுகிறீர்கள். சட்டப் புத்தகத்தில் இருந்தது தெரிகிறது. ஊரில் யார் மேல் அது பாய்ந்தது? வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி. அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. கோடை விடுமுறையில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அந்த முகம் தெரியாத ஆள் சொன்னது சரி. என் வாதத்தில் பாதி சாய்ந்தது, மீதிப் பாதி உருப்படியாக எழுந்தது. வேறோர் இதழில் அது வெளிவர மொத்தம் ஒன்றரை வருடம் ஆயிற்று. கட்டணம் இல்லை. சான்றிதழும் இல்லை. என் கட்டுரையைப் படித்துவிட்டு முன்பின் தெரியாத ஒருவர் ஒரு ஏரியின் பழைய வரைபடத்தை அனுப்பிவைத்தார்.

'எங்களுக்கு ஒன்றரை வருடம் காத்திருக்க நேரம் ஏது?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். உதவித்தொகை நிற்கப்போகிறவருக்கும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவருக்கும் என்னிடம் பதில் இல்லை. அந்த நெருக்கடியை உண்டாக்குபவர்கள் மேல்தான் என் கோபம் எல்லாம். ஆனாலும் ஓர் இதழின் பத்துக் கட்டுரைகளைப் படிக்க ஒரு வாரம் போதும். பத்தைப் படித்துவிட்டு அதற்கு அனுப்பலாமா என்று கேட்கிறவருக்கு, பெரும்பாலும் என் பதில் தேவைப்படாது.

நேற்று மத்தியானம் அந்த மாணவியிடமிருந்து ஒரு படம் வந்தது. பருவ இதழ்ப் பிரிவு, காலி நாற்காலிகள், அதே போல ஒரு மின்விசிறி.

"வந்துட்டேன் மேம். லைப்ரரியன் சாப்பிடப் போயிருக்காராம். வெயிட் பண்றேன்."