புர்ரியின் சாக்கைக் காயமாக்காதீர்கள்

பழைய கோணிச் சாக்குகளைத் தைத்து ஒட்டி ஓவியமாக்கிய அல்பெர்த்தோ புர்ரியைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியிலேயே "அவர் ஒரு மருத்துவர்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். தகவல் சரிதான். 1915இல் இத்தாலியின் உம்ப்ரியாவில் பிறந்தவர், பெருஜாவில் மருத்துவம் படித்தவர், போருக்கு இராணுவ மருத்துவராகப் போனவர். 1943இல் துனிசியாவில் பிடிபட்டு, டெக்சாஸின் ஹெரிஃபோர்டு முகாமில் போர்க்கைதியாக இருந்தபோதுதான் வரையத் தொடங்கினார். 1946இல் நாடு திரும்பிய பிறகு மருத்துவத்தின் பக்கமே போகவில்லை. இது போதும் நம் விமர்சகர்களுக்கு. சாக்கு என்றால் கட்டுத்துணி, சிவப்பு என்றால் இரத்தம், தையல் என்றால் அறுவைச் சிகிச்சை!

புர்ரி இதை ஒருபோதும் ஏற்கவில்லை. வடிவமும் இடமும்தான் என் ஓவியம், அதற்கப்பால் ஒன்றுமில்லை என்பதே அவர் பிடிவாதம். நான் அவர் கட்சி.

படத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நைந்த சணல் இழைகள், ஏற்கெனவே யாரோ ஒட்டுப்போட்ட இடங்கள், ஓட்டைக்குள் தெரியும் கறுப்பு வண்ணம். போருக்குப் பின் அமெரிக்க உதவியாக வந்த சாக்குகளில் அச்சடித்த எழுத்துகள்கூடச் சில படங்களில் அப்படியே இருக்கின்றன. அந்தத் தையல் எனக்கு மருத்துவமனையை நினைவூட்டவில்லை. கிடங்கில் கோணி ஊசியோடு உட்கார்ந்து மூட்டை தைப்பவரின் கைவாகுதான் அது. 1953இல் சாக்கின் மேல் தங்கத் தகடு ஒட்டினார். பழைய இத்தாலியத் தேவாலயப் படங்களின் பின்னணியில் மின்னுமே, அதே தங்கம். கட்டுத்துணிக்காரர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

பிறகு மரத்தையும் பிளாஸ்டிக்கையும் தீயால் பொசுக்கினார். 1970களில் துத்தநாக வெள்ளையைப் பசையோடு குழைத்துத் தடிமனாகப் பூசி, காயும்போது தானாக வெடிக்க விட்டார். எங்கே கனமாகப் பூசுவது, வெடிப்பை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதில்தான் அவர் கை. மீதி வேலை பொருளுடையது.

ஆனால் சிசிலியின் கிபெல்லினாவுக்கு வந்தால் என் வாதம் தடுமாறுகிறது. 1968 ஜனவரி நிலநடுக்கத்தில் அழிந்த ஊர் அது. மக்கள் தொலைவில் கட்டிய புதிய ஊருக்குக் குடிபெயர்ந்துவிட, பழைய ஊரின் இடிபாடுகளை அங்கேயே திரட்டி, மேலே வெள்ளைச் சிமெண்டை ஊற்றினார் புர்ரி. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான பாளங்கள், நடுவே நடந்து போகும் அகலத்தில் வெடிப்புகள். உள்ளே இருப்பது வெறும் மூலப்பொருள் அல்ல, வீடுகள். இங்கே 'வடிவமும் இடமும் மட்டும்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புர்ரியே வந்து சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு ஊரையே சிமெண்டால் மூடினாரே என்று கோபப்படுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை; மூடாமல் விட்டிருந்தால் அங்கே இன்று புதர்தான் மண்டியிருக்கும்.

1989இல் பாதியில் நின்ற அந்த வேலையை, அவர் இறந்து இருபது ஆண்டு கழித்து 2015இல் முடித்தார்கள். பழைய பகுதி மழையிலும் வெயிலிலும் சாம்பல் நிறமாகிவிட்டது, முடித்தபோது புதியது பளீரென்று வெள்ளை. இரண்டும் பொருந்தவில்லை என்று குறைப்படுகிறார்கள். பொருந்த வேண்டாம். பழையதைத் தேய்த்து வெளுக்கிறேன் என்று மட்டும் யாரும் கிளம்பிவிடாதீர்கள்.