பாட்டியைக் கூப்பிட்டீர்களா?

என் கடையை உடைத்த பையனுக்காகப் போன செவ்வாய்க்கிழமை நடந்த குடும்பக் கூட்டத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "கடையை உடைச்சவன்கூட உட்கார்ந்து டீ குடிச்சீங்களாமே" என்று கேட்டிருந்தார். பக்கத்தில் சிரிக்கும் பொம்மை வேறு. ஆமாம், குடித்தேன். பிஸ்கட்டும் இருந்தது.

கடை உடைந்த கதை உங்களுக்குத் தெரியும், மறுபடி வேண்டாம். பையன்மேல் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. பெரிய கோபம் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள்மேல். அங்கே பேசியது வெளியே போகக்கூடாது, எழுத மாட்டேன். வராதவரைப் பற்றி எழுதலாம் அல்லவா? அவனை வளர்த்தது அவன் பாட்டி. அந்தப் பாட்டியைக் கூப்பிடவே இல்லை.

தப்பு செய்த பிள்ளை, அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதுதான் இந்தக் குடும்பக் கூட்டம். இங்கே நியூசிலாந்தில் அது 1989 சட்டத்தோடு வந்தது. தங்கள் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து அரசு விடுதிகளில் அடைத்ததை எதிர்த்து, இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பேசிப் பேசி வாங்கியது. அவர்கள் சொல்லும் 'ஃபானாவ்', அதாவது குடும்பம், அப்பா அம்மாவோடு முடிவதில்லை. போலீசும் மற்றவர்களும் வெளியே போன பிறகு, பையன் இனி என்ன செய்ய வேண்டும் என்று குடும்பம் மட்டும் தனியே உட்கார்ந்து திட்டம் போடும். கூட்டத்தின் உயிரே அந்த நேரம்தான். ராத்திரி பையன் வீட்டில் இருக்கிறானா என்று பார்க்கப்போகிற ஆளே அந்த அறையில் இல்லையென்றால், யார் போடுகிற திட்டம் அது?

தேதி, நேரம், இடம் பற்றிப் பாதிக்கப்பட்டவரிடமும் கேட்க வேண்டும் என்கிறது சட்டம். என்னிடம் கேட்டார்கள்: வெள்ளிக்கிழமை மாலை போன், "செவ்வாய் காலை பத்து மணி, வருவீர்களா?" கடையை யார் பார்ப்பது?

குற்றச்சாட்டைப் பையன் மறுக்காவிட்டால் இரண்டு வாரத்துக்குள் கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும், நெருக்கடி உண்டு என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாட்டி வீடு என் கடையிலிருந்து நாலு தெரு.

எனக்குப் பன்னிரண்டு வயதில், ஊரில் அண்ணாச்சி கடைக் கல்லாவிலிருந்து இருபது ரூபாய் எடுத்து மாட்டிக்கொண்டேன். அப்பா அடித்தார், அது மறந்துவிட்டது. மதுரையிலிருந்து தாய்மாமா வந்தார். திட்டவில்லை. என்னைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் இல்லை, அவர். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு பிள்ளைக்கு யார் முகம் உறைக்கும் என்று தேடுவதுதானய்யா வேலை! நாற்காலி போடுவதா வேலை?

"கட்டப்பஞ்சாயத்து" என்பவர்களுக்கு: போலீஸ் இருக்கிறது, பையனுக்கு வக்கீல் இருக்கிறார், திட்டத்தைச் சிறார் நீதிமன்றம் பார்க்கிறது. கொலை வழக்கெல்லாம் இதில் வராது. "தூக்கி உள்ளே போடு" என்பவர்களுக்கு: உள்ளே போய்த் திருந்தி வந்த பதினைந்து வயதுப் பையனை எனக்குக் காட்டுங்கள். "உன் கடை உடைந்தால் தெரியும்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, உடைந்தது என் கடைதான்.

மறுபடி உடைத்தால்? உடைக்கலாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடிகாலை மூன்று மணிக்கு நான் கண்ணாடி பொறுக்கியபோது இந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். பொம்மை போடத்தான் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. அன்று விளக்குமாறோடு வந்து நின்ற மூன்றாவது ஆள் அந்தப் பாட்டி. உடைத்தது தன் பேரன் என்று அவருக்கும் அப்போது தெரியாது.

புதன்கிழமை வழக்கம்போல் பால் வாங்க வந்தார். "கூட்டம் என்றைக்கு?" என்று கேட்டார். நேற்றே முடிந்துவிட்டது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.