மேலே போனதுதான் போனீர்கள், இன்னொரு படமும் எடுத்துவிட்டு வாருங்கள்

எங்கள் வந்தவாசிப் பக்கம் இப்போது காதுகுத்துக்குக்கூட ட்ரோன் வருகிறது. ஊருக்கு இரண்டு ஸ்டூடியோ இருந்தால் இரண்டிலும் ஒன்று இருக்கிறது, அதுபோக என்னைப்போல ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவர்கள் வேறு. எல்லோரும் ஏரியை எடுக்கிறோம், மலையை எடுக்கிறோம், பச்சையை ஒரு படி கூட்டி, பாட்டு ஒன்றைச் சேர்த்து, நட்டநடுவில் நம் பெயரைப் பொறித்துப் போட்டுவிடுகிறோம். பத்து நாள் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. எனக்கு இதில் ஒரு ஆற்றாமை உண்டு. அதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே நின்று நேர்கீழே பார்த்து எடுக்கிற படத்தில் மேடு பள்ளம் கிடையாது. ஏரிக்கரையும் அதன் அடியில் ஓடுகிற வாய்க்காலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு, பனைமரம் ஒரு கோலப்புள்ளி. காலை வெயிலில் நிழல் நீளமாக விழுந்தால் எது உயரம் என்று ஓரளவு ஊகிக்கலாம், உச்சி வெயிலில் அதுவும் போச்சு. இதற்கு வழி 150 வருஷத்துக்கு மேலாகவே இருக்கிறது. ட்ரோன் நிற்கிற இடத்தில் ஒரு படம், அப்படியே பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து இன்னொரு படம். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. ஸ்டீரியோ ஜோடி என்பது அவ்வளவுதான். சின்ன வயதில் வியூ மாஸ்டர் பெட்டியைக் கண்ணில் வைத்து டக் டக்கென்று அமுக்கிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே பிடிபடும், அந்த வட்டத்தில் இருந்த 14 படமும் 7 ஜோடிதான்.

எவ்வளவு நகர வேண்டும்? நம் கண்கள் இரண்டுக்கும் நடுவே சுமார் 6.5 சென்டிமீட்டர். அதை வைத்துக்கொண்டு 60 மீட்டர் உயரத்திலிருந்து கீழே பார்த்தால் மேடு பள்ளம் அவ்வளவாகத் தெரியாது, அதனால் கண்ணை அகட்டி வைக்க வேண்டியிருக்கிறது. படத்தில் ஆக அருகில் இருக்கும் பொருள் எவ்வளவு தூரமோ அதில் முப்பதில் ஒரு பங்கு என்பது பழைய கைக்கணக்கு. 60 மீட்டருக்கு 2 மீட்டர், எதிரே 300 மீட்டரில் மலை நின்றால் 10 மீட்டர். ட்ரோனைத் திருப்பக் கூடாது, கேமராவின் சாய்வை மாற்றக் கூடாது, நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நகர வேண்டும். வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு கண்ணுக்குப் பகலும் மறு கண்ணுக்குச் சாயங்காலமுமாக இருக்கும். அப்புறம் ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்று ஒரு இலவச மென்பொருள், இரண்டையும் கொடுத்தால் மேலும் கீழும் பிசகாமல் பொருத்திக் கொடுத்துவிடும். மொத்தத்தில் கூடுதலாக ஆகிற செலவு பத்து விநாடி.

இப்படி எடுத்த படத்தைப் பார்த்தால், கண்ணிரண்டும் 2 மீட்டர் தள்ளி இருக்கிற ராட்சசனுக்கு ஊர் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். அதாவது கொலுவில் படிக்குக் கீழே மண் கொட்டிக் கேழ்வரகு முளைக்கவைத்து ஒரு பார்க் வைப்போமே, அந்த மாதிரி. முதல் தடவை பார்த்த அம்மா, எங்கள் தெருவை அடையாளம் கண்டுபிடிக்கவே இல்லை, "பொம்மை நல்லா இருக்கு, யார் செஞ்சது" என்றார்.

கோளாறுகளும் உண்டு, அதுவும் தமாஷாகத்தான் இருக்கும். இரண்டு படத்துக்கும் நடுவே சில விநாடி போய்விடுகிறது இல்லையா, அதற்குள் நடந்துவிட்ட எருமை என்ன ஆகும் தெரியுமா? ட்ரோன் நகர்ந்த திசையிலேயே அதுவும் ஓரடி இரண்டடி நகர்ந்திருந்தால் தரைக்குள் புதைந்து கிடக்கும், எதிர்த்திசையில் நகர்ந்திருந்தால் பனைமர உயரத்தில் மிதக்கும். என்னிடம் அப்படி ஒரு பறக்கும் எருமை இருக்கிறது. தண்ணீரில் வெயில் மினுங்கினால் அந்த மினுக்கம் கண்ணுக்குக் கண் வேறுபட்டு, பார்க்கவே கூசும். இடது வலதை மாற்றிப் போட்டுவிட்டால் இன்னும் மோசம், ஏரி குன்றாகிவிடும், கரை அகழியாகிவிடும். நானே ஒருமுறை மாற்றிப் போட்டு, இரண்டு நாள் கழித்து மச்சான் ஒருத்தர் போன் பண்ணி "ஏம்ப்பா, உங்க ஊர் ஏரியைக் கவுத்து வெச்சிருக்க" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதுவரை நாற்பது பேர் அருமை அருமை என்று சொல்லியிருந்தார்கள்.

சரி, பொம்மை விளையாட்டுக்காகவா இவ்வளவும் என்றால், இல்லை. போன மாசியில் காற்றில்லாத ஒரு காலையில் எங்கள் ஏரியை இப்படி எடுத்தேன். 2 மீட்டர் ஜோடியில் மரங்கள் நன்றாக எழுந்து நின்றன, கரை மட்டும் லேசாக உப்பியதோடு சரி. கைக்கணக்கு என்ன வேதவாக்கா என்று 8 மீட்டர் நகர்ந்து இன்னொரு ஜோடி எடுத்தேன். பனைமரங்கள் மூக்கைக் குத்த வருகின்றன, கண் கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் கரை சுவர் மாதிரி நிற்கிறது. உயரம் மிகையாகத் தெரியும் என்பதைத் தெரிந்துகொண்டே பார்த்தால் அந்த மிகைதான் உதவி.

அதைச் சிவப்பு நீலப் படமாக, அதாவது இரண்டு படத்தையும் இரண்டு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றிப் பெரிய தாளில் அச்சிட்டு, கடையில் விற்கிற கலர் கண்ணாடித்தாளை அட்டையில் ஒட்டி நாலைந்து கண்ணாடி செய்து எடுத்துப் போனேன். (சிவப்பு இடது கண்ணுக்கு, மறக்காதீர்கள். சிவப்புச் சேலை மட்டும் ஒரு கண்ணுக்கு வெளுப்பாகவும் மறு கண்ணுக்குக் கறுப்பாகவும் தெரிந்து துடிக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.) எங்கள் ஊரில் ஏரித்தண்ணீர் திறந்துவிடுகிற பெரியப்பா ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். அட்டைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் பார்த்தார். பிறகு கலங்கலுக்கு, அதாவது ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற இடத்துக்கு, கொஞ்சம் இந்தப் பக்கமாகக் கரைமேல் விரலை வைத்து, "இங்க பாரு, இடுப்பளவு எறங்கிக் கெடக்குதுல்ல, நான் சொன்னா எவனும் நம்பல" என்றார். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை, வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். அங்கே நின்ற மற்ற நாலு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே இடத்தின் சாதாரணப் படம் ஆறு மாதமாக ஊர் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது, அதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

புவியியலோ நிலவியலோ படித்தவர்களுக்கு இதெல்லாம் பழங்கதை. விமானத்திலிருந்து, அடுத்தடுத்த படங்கள் 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்ததை ஸ்டீரியோஸ்கோப்புக்கு (ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டுகிற கருவி) அடியில் வைத்து மலைச்சரிவையும் ஓடையையும் குறித்திருப்பார்கள். அப்போது விமானம் வேண்டியிருந்தது, இப்போது அந்த வசதி என் தோள்பையில் இருக்கிறது, வைத்துக்கொண்டு காதுகுத்து எடுக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858இல் கருவிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றியிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடுகிற கல்வெட்டை 21 படமாக எடுத்து வரிசையாக ஒட்டினார், ஒட்டிய நீளம் சுமார் 19 அடி. இன்றைக்கு நாம் போனில் பட்டனைத் தட்டி எடுக்கிற பனோரமா இதுதான். அதே ஊர்களை ஸ்டீரியோ ஜோடிகளாகவும் எடுத்துத் தனி ஆல்பம் போட்டார். பனோரமா, ஸ்டீரியோ இரண்டுமே நம் ஊரில் அன்றைக்கே வந்தாகிவிட்டது. அதே 1858இல் பாரிஸ் பக்கம் நதார் என்பவர் பலூனில் ஏறி வானிலிருந்து முதல் புகைப்படத்தை எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. எஞ்சியிருப்பவற்றில் ஆகப் பழைய வான்படம் 1860இல் பாஸ்டனில் எடுத்தது. ட்ரைப் எடுத்தவை ஏன் இருக்கின்றன என்றால், பல பிரதி போட்டு, எந்த இடம் என்று எழுதி, ஆல்பமாகக் கட்டிப் பல கைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நம் படங்கள் எங்கே இருக்கின்றன? ஹார்ட் டிஸ்கில், ட்ரோன் தானாக வைத்த டிஜேஐ_0047 என்ற பெயரில்.

360 டிகிரி பனோரமாவுக்கு வருகிறேன். ட்ரோன் ஒரே இடத்தில் நின்று சுற்றிச் சுற்றி இருபது முப்பது படம் எடுத்து ஒட்டிக்கொள்ளும். மேலே அண்ணாந்து பார்க்க அதன் கேமராவுக்குக் கழுத்து வளையாது, அதனால் உச்சி வானம் ஒட்டுப்போட்டதுதான், அதற்காக யாரையும் ஏமாற்றியதாக ஆகாது. இரண்டு இடத்தில் நின்று இரண்டு 360 எடுத்தால் ஸ்டீரியோ 360 ஆகிவிடுமே என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. நேர் முன்னால் ஆழம் நன்றாக இருக்கும், பக்கவாட்டில் திரும்புகிறபோது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும், பின்னால் திரும்பினால் இடமும் வலமும் மாறி என் மச்சான் சொன்ன கதைதான். எது வேண்டுமோ அதை மட்டும் எடுங்கள்.

இந்த 360 படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நசுங்கிவிடும். இது உருண்டைப் படம் என்று சொல்கிற குறிப்பும் உள்ளேயிருந்து போய்விடும், வந்து சேருவது வளைந்து நெளிந்த ஒரு நீளப்பட்டை. டாக்குமெண்டாக அனுப்புங்கள். இன்னும் நல்லது, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி படங்களைச் சேர்த்து வைக்கிற விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் முழு அளவில் ஏற்றிவிடுவது. நாள், நேரம், உயரம், எந்தத் திசை பார்த்து, எவ்வளவு நகர்ந்து என்று இரண்டு வரி எழுதுங்கள். ஜோடி என்றால் எது இடது எது வலது என்றும். என் ஏரிப் படத்தை ஒரு யூடியூப் சேனல் எடுத்து, ஒற்றைப் படமாக வெட்டி, வேறு ஏதோ ஊர் ஏரி என்று போட்டது. எடுத்துக்கொண்டதில் எனக்குக் கோபமே இல்லை, உரிமத்தில் நானேதான் அனுமதி கொடுத்திருந்தேன். ஊர்ப் பெயரை மாற்றியதுதான் தாங்கவில்லை. மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடவும் கூடாது. சாதாரணப் படத்தில் நாம் பார்க்க நினைத்தது மட்டும்தான் விழும், உருண்டைப் படம் நாம் பார்க்காததையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். ஏரியை எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், பெரிதாக்கிப் பார்த்தால் பின்னால் ஒரு வீட்டுக் கொல்லையில் தென்னங்கீற்றுத் தடுப்புக்குள் பெண்கள் குளிக்கும் இடம், அதற்குக் கூரை கிடையாது. நல்லவேளை யாரும் இல்லை. மேலே ஆகாயம்தானே என்று நம்பிக் கட்டியது அது. அந்தப் படத்தை அழித்துவிட்டேன், இப்போது 360 எதையும் மூலைமூலையாகப் பெரிதாக்கிப் பார்க்காமல் போடுவதில்லை. இதைப் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லவில்லை, முதல் இரண்டு படங்களை அப்படிப் பார்க்காமலேதான் போட்டேன்.

சட்ட விஷயம் சுருக்கமாக: 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி வேண்டாம், ஆனால் எது பச்சை, எது பறக்கக் கூடாத சிவப்பு என்று அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அன்றன்றைக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். செஞ்சிக் கோட்டை மாதிரி தொல்லியல் துறை இடங்களுக்குத் தனி அனுமதி. வேடந்தாங்கலை விட்டுவிடுங்கள், பறவைகள் பாவம். பருந்து சுற்றுகிற நேரத்தில் எங்கேயுமே ஏற்றாதீர்கள், அது ட்ரோனை அடிக்கத்தான் வரும்.

பெரியப்பா அந்த அச்சுப் படத்தைச் சுருட்டி வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார், கண்ணாடியையும்தான். எதிரே பார்க்கும்போதெல்லாம் "ஏம்ப்பா, வரத்துக் கால்வாய்ப் பக்கம் எப்ப எடுக்கப் போற" என்று கேட்கிறார். இந்த ஆடிக் காற்றில் ஏற்றினால் ட்ரோன் நேரே செய்யாற்றில் போய்த்தான் இறங்கும். ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.